கடல் வழி வந்த குதிரையும் தமிழ் தந்த பெயர்களும்



ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் எத்தனை பெயர்கள் வழங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அம்மொழி பேசிய மக்கள் எதனை விரும்பினார்கள், எதற்காக ஏங்கினார்கள், யாரோடு பழகினார்கள் என்பன ஓரளவு விளங்கிவிடும். அந்த வகையில் என் சிந்தையைச் சில காலமாக ஆட்கொண்டிருப்பது குதிரையின் பெயர் வரிசையாகும். ஓதிக்கொடுக்கும் ஆசிரியன் ஒருவனுக்குக் குதிரையோடு என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் மதரஸா ஆசிரியனாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் பிள்ளைகளுக்கு 'அல் ஆதியாத்' அத்தியாயத்தை ஓதிக்கொடுத்துப் பொருள் விளக்கினேன். மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் அது. அதையொட்டி அரபு மொழியில் குதிரைக்குள்ள பெயர்கள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். தனிக் குதிரை ஃபரஸ். குதிரைக் கூட்டம் கைல். ஆண் குதிரை ஹிஸான். விரைந்தோடும் நல்லினக் குதிரை ஜவாத். கரிய குதிரை அத்ஹம். செம்பட்டை நிறக் குதிரை அஷ்கர். வெண்மையும் கருமையும் விரவியது அஷ்ஹப்.

எழுதி முடித்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "ஹஜ்ரத், அரபியிலே இத்தனை பேர் இருக்கே, தமிழிலே குதிரைன்னு ஒண்ணுதானே இருக்கு?" என்றாள். பின்வரிசையில் இருந்த சிறுவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "பள்ளிக்கூடத்திலே ஒரு பையன், நீங்கள்லாம் அரபு நாட்டிலேருந்து குதிரையிலே வந்தவங்கதானேன்னு சொன்னான். அது நிசமா ஹஜ்ரத்?"

முதற்கேள்வி மொழியைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அந்தப் பிள்ளையின் மனக்காயத்தைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. அந்த விடையை உங்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நிகண்டு காட்டும் வரிசை

கல்லூரியில் கலைப்பட்டம் பயின்ற நாள்களில் திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அச்சிட்ட அகராதிகள் இல்லாத காலத்தில், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து சொல்வளம் பெற உதவியவை நிகண்டுகளே. அவற்றிலும் பிற்கால அகராதிகளிலும் குதிரைக்குரிய பெயர்களைத் தேடினால், மா, பரி, புரவி, இவுளி, கலிமா, வாசி, துரகம், துரங்கம், அசுவம், அயம், கற்கி, கந்தருவம், சைந்தவம் என்று வரிசை நீண்டுகொண்டே போகும்.

இவை வெறும் சொல்லடுக்கு அல்ல. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை உண்டு. 'மா' என்பது விலங்குக்கே பொதுப்பெயர். யானையும் மா, குதிரையும் மா. 'பரிதல்' என்றால் ஓடுதல். ஓடுவதால் அது பரி. துரகம் என்பது விரைந்து செல்வது எனப் பொருள்படும் வடசொல். அசுவமும் அயமும் வடமொழியிலிருந்து வந்தவையே. சைந்தவம் என்பது இன்னும் சுவையானது. சிந்து நாட்டிலிருந்து வந்தது என்பது அதன் பொருள். அதே நாட்டிலிருந்து வந்த இந்துப்புக்கும் அதே பெயர்தான். "சைந்தவம் கொண்டு வா" என்று ஒருவர் உணவில் அமர்ந்து கேட்டால் உப்பைக் கொண்டுவர வேண்டும். பயணம் புறப்படும்போது கேட்டால் குதிரையைக் கொண்டுவர வேண்டும். இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும் என்பதற்குப் பழைய ஆசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டு இது.

மூவேந்தரின் குதிரைகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. சேரன் குதிரை பாடலம். சோழன் குதிரை கோரம். பாண்டியன் குதிரை கனவட்டம். கடையெழு வள்ளல்களில் காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். தன் பெயரையே குதிரைக்கும் வைத்திருந்தார்கள் என்றால் அதன்மீது எத்தகைய பற்று இருந்திருக்க வேண்டும்! குதிரையின் நடையைக்கூட நம் முன்னோர் ஐந்து கதிகளாகப் பகுத்து, மயிலின் நடையை ஒத்தது மயூரகதி, குரங்கின் தாவலை ஒத்தது வானரகதி, அம்பின் விரைவை ஒத்தது சரகதி என்றெல்லாம் பெயர் சூட்டினார்கள்.

இன்று நாம் வழங்கும் 'குதிரை' என்னும் சொல்லும் பழமையானதே. சங்கப் பாடல்களில் பிட்டங்கொற்றன் என்னும் தலைவனுக்குரிய மலையின் பெயர் குதிரை. மலையாளத்தில் குதிர, கன்னடத்தில் குதுரெ, தெலுங்கில் குர்ரமு. தென்னகம் முழுவதும் இச்சொல் உறவு கொண்டாடுகிறது.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். யானைக்கும் தமிழில் களிறு, பிடி, வேழம், கரி, வாரணம் என்று பல பெயர்கள் உண்டு. அதில் வியப்பில்லை. யானை இந்த மண்ணின் காடுகளில் பிறந்து வளர்ந்த விலங்கு. ஆனால் குதிரை அப்படியன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்தக் கடலோர நாட்டில் நல்லினக் குதிரைகள் பெருகவில்லை. அவை வெளியிலிருந்து வந்தவை. இருந்தபோதிலும், இருந்ததற்கு எத்தனை பெயர்களோ அத்தனை தாராளமாக வந்ததற்கும் பெயர்களைத் தமிழ் வாரி வழங்கியது.

முத்தும் குளம்பும்

எங்கிருந்து வந்தன? கடல் வழியாக வந்தன. சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடல் வழியே வந்த குதிரைகளைத்தான் முதலில் வைக்கிறார்.

நம் கடற்கரையைப் பற்றிய சான்று இன்னும் அழகானது. அகநானூற்றின் 130 ஆம் பாடல் பாண்டியனின் கொற்கைத் துறையைக் காட்டுகிறது. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய முத்துகள் கரையில் கிடந்து, அவ்வழியே செல்லும் குதிரைகளின் குளம்பை உறுத்துகின்றனவாம்! அங்கே புலவர் ஆளும் சொல் 'புரவி'. முத்தையும் குதிரையையும் ஒரே காட்சியில் நிறுத்திய அந்தப் புலவர், பின்னர் வரப்போகும் ஆயிரம் ஆண்டு வணிகத்தையே சுருக்கிச் சொல்லிவிட்டார் எனலாம். முத்து இங்கிருந்து போயிற்று. குதிரை இங்கே வந்தது. இன்று கொற்கைக் கிராமம் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட்டது.

கொற்கைக்குப் பின் எழுந்தது காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே, இன்று உப்பளங்கள் சூழ நிற்கும் பழையகாயல்தான் அது. 1881 இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் அங்கே சீனப் பீங்கான் துண்டுகள் சிதறிக் கிடந்ததைக் கண்டு குறித்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேர், ஒரு காலத்தில் உலகமே அறிந்த துறைமுகத்தைக் கடந்து செல்கிறோம் என்று எண்ணுகிறோம்?

1292 ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு காயலில் நிற்கின்றன என்று எழுதினார். ஹோர்முஸ் கப்பல்களை இரும்பு ஆணி இல்லாமல் தென்னை நாரினால் முறுக்கிய கயிற்றால் தைத்திருந்தார்கள் என்பதும், கீழே சரக்கை அடுக்கித் தோலால் மூடி, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள் என்பதும் அவர் தரும் செய்திகள். ஆடும் கப்பலில், தோல் விரிப்பின்மேல், கால் பரப்பி நின்றபடியே அந்த உயிர்கள் அரபிக் கடலைக் கடந்தன!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விரிவான கணக்குத் தருகிறார். கிஸ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கதீஃப், பஹ்ரைன், ஹோர்முஸ் முதலிய துறைகளிலிருந்தும் வந்தவற்றைச் சேர்த்து ஆண்டுக்குப் பதினாயிரம் என்பது அவர் கூறும் தொகை. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டிய அரசு விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியர் அவையில் அமைச்சராக வீற்றிருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

இவ்வணிகம் நம்மவர்க்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து வந்த 'குதிரைச் செட்டிகள்' இடம்பெறுகிறார்கள். விற்றவரும் வாங்கியவரும் தரகரும் பல சமயத்தவர். சந்தை ஒன்று, அங்கே வழங்கிய மொழியும் பொதுமொழி.

பெருமையோடு ஒரு படிப்பினை

பழம்பெருமையை மட்டும் பேசி அமைவது முறையாகாது. அதே மார்க்கோ போலோ கூறும் மற்றொரு செய்தி நெஞ்சைச் சுடுகிறது. பாண்டிய மன்னர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் இங்கே இல்லை. குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்களாம். வஸ்ஸாஃபோ, வறுத்த தானியத்தில் நெய் கலந்து கொடுத்துக் காய்ச்சிய பாலைக் குடிக்கவைத்தார்கள் என்கிறார். அன்பு இருந்தது; அறிவு இல்லை. விருந்தாளிக்குத் தமக்குப் பிடித்ததை ஊட்டும் வீட்டாரைப் போலக் குதிரைக்கும் ஊட்டியிருக்கிறார்கள்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் அவர் சொல்கிறார். லாடம் அடிப்பவர்கள் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்தார்களாம். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! இது ஓர் அயல்நாட்டுப் பயணியின் குற்றச்சாட்டுதான். ஆயினும் வணிகம் செய்யும் எந்தச் சமுதாயமும் இதைப் படித்துத் தலைகுனிந்து சிந்திக்க வேண்டும். வாயில்லாச் சீவன் ஒன்றுக்குத் தண்ணீர் புகட்டியதால் பாவமன்னிப்புப் பெற்றவரின் செய்தியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். விற்ற பொருளோடு அதைப் பேணும் அறிவையும் சேர்த்துக் கொடுப்பவனே நேர்மையான வணிகன்.

இந்த இடத்தில் நம் நெல்லைச் சீமையின் சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. மற்ற ஊர்களில் 'கொள்ளு' என்று சொல்லும் தானியத்தை நாம் 'காணம்' என்கிறோம். பழந்தமிழில் காணம் என்றால் பொற்காசு. பொன்னுக்கும் குதிரைத் தீனிக்கும் ஒரே பெயர்! பொன்னைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார்கள். காணத்தைக் கொடுத்து வளர்க்கத் தெரிந்துகொள்ளக் காலம் பிடித்தது.

ராவுத்தன் என்றொரு சொல்

இனி, அந்தச் சிறுவனுக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். "தம்பி, கடல் கடந்து வந்தவர்கள் குதிரையில் ஏறி வந்தவர்கள் அல்லர்; குதிரையைக் கப்பலில் ஏற்றி வந்தவர்கள். அவர்களும் சிலரே. இம்மண்ணிலேயே பிறந்து இம்மார்க்கத்தை ஏற்றவர்கள் பலர். வந்த சிலரும் இங்கே பெண் கொண்டு, இங்கே வீடு கட்டி, தமிழையே தாய்மொழியாகக் கொண்டார்கள். குதிரையையே தமிழ் தன்னுடையது ஆக்கிக்கொண்டபோது மனிதனைத் தள்ளி வைக்குமா?" என்றேன்.

அதற்கு ஒரு சொல்லே சான்று. 'ராவுத்தன்' என்றால் குதிரை வீரன் என்று பொருள். நம் சமுதாயத்தில் ராவுத்தர் என்னும் பிரிவினர் இன்றும் அப்பெயரோடு வாழ்கிறார்கள். அந்தச் சொல்லைப் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில், மயில்மீது ஏறிவரும் தம் இறைவனுக்கே சூட்டி அழைக்கிறார்! சைவர்கள் போற்றும் திருவிளையாடல் கதையும் குதிரையால் நடப்பதே. கடல் வழி வந்திறங்கும் குதிரைகளை வாங்கிவரப் பாண்டியன் பொன் கொடுத்து மாணிக்கவாசகரைப் பெருந்துறைக்கு அனுப்பினான் என்றும், அவர் அப்பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்றும், சிவபெருமானே குதிரை வணிகராக வந்தார் என்றும் அக்கதை சொல்லும். நமக்கும் அவர்களுக்கும் நம்பிக்கை வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குதிரையோடு கப்பலில் இறங்கிய வணிகனின் தோற்றம் பிறர் பக்திக் கதையிலும் மதிப்போடு இடம்பெற்றிருக்கிறது என்றால், அந்நாளில் அவன் இம்மக்களுக்கு அந்நியனாகத் தெரியவில்லை என்பதுதானே பொருள்?

நம் பக்கத்திலும் அப்படியே. நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டுக் குதிரைகளையெல்லாம் பரி என்றும் புரவி என்றும் சங்கத் தமிழாலேயே அழைத்தார். அரபுக் குதிரை தமிழ்ப்பெயர் பெற்றது; ராவுத்தன் என்னும் சொல் தமிழ்ப் பாவில் ஏறியது. கொடுக்கலும் வாங்கலும் நிறைந்துவிட்டன.

கடிவாளமும் சேணமும் முன்பே இருந்தன. பாரசீக, உருது வழியில் லகானும் ஜீனியும் சவாரியும் சவுக்கும் வந்து சேர்ந்தன. ஜட்கா வண்டிக்காரர் எந்தச் சமயத்தவராயினும் இரு வகைச் சொற்களையும் கலந்தே பேசினார். எது வந்த சொல், எது இருந்த சொல் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியும் அன்று. ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயர் 'ஹார்ஸ்' என்றார்கள். 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கிய பின், பயணத்துக்குரிய குதிரைக்குப் பால்ஃப்ரி, விரைவுக்குரியதற்குக் கோர்ஸர், போருக்குரியதற்கு டெஸ்ட்ரியர் என்று பிரெஞ்சுப் பெயர்கள் குடியேறின. போரும் அப்படைகளும் போனபின் அப்பெயர்கள் ஏட்டில் மட்டும் நின்றன. உழவனின் ஹார்ஸ் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் ஒரு படை அதிகாரிக்கு வழங்கும் 'அல்ஃபெரெஸ்' என்னும் பட்டம், குதிரை வீரனைக் குறிக்கும் 'அல் ஃபாரிஸ்' என்னும் அரபுச் சொல்லே. ஆங்கிலேயர் பெருமை பேசும் பந்தயக் குதிரை இனத்தின் மூதாதைகளுள் ஒன்று 1704 இல் சிரியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அரபுக் குதிரை. குதிரை போன இடமெல்லாம் சொல்லும் போயிருக்கிறது.

எஞ்சி நிற்பவை

போர்ச்சுகீசியர் கோவாவையும் ஹோர்முஸையும் கைப்பற்றிக் குதிரை வணிகத்தைத் தம் வசப்படுத்திய பின் காயலின் ஒளி மங்கிற்று. துறை தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. 1961 க்குப் பின் முத்துக்குளிப்பும் நின்றுவிட்டது. குதிரையும் முத்தும் இரண்டுமே இக்கரையை விட்டு நீங்கின.

சொற்கள் மட்டும் நீங்கவில்லை. திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணற்காட்டுக்குக் 'குதிரைமொழித் தேரி' என்று பெயர். மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கும் சின்னஞ்சிறு உயிரைக் கடற்குதிரை என்கிறோம். கிடைக்காத பொருளைக் குதிரைக்கொம்பு என்கிறோம். நம்பத் தகாதவனை நம்பினால் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதாகச் சொல்கிறோம். அரசியலில் ஆள் பிடித்தால் குதிரைபேரம் என்கிறோம். அன்று கப்பல்கள் குதிரைகளைச் சுமந்து வந்தன, இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் எந்திர வலிமையையே குதிரைத்திறன் என்று அளக்கிறோம்.

ஆனால் பரி, புரவி, இவுளி ஆகியவை நம் பிள்ளைகளின் நாவிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. 'தமிழில் ஒன்றுதானே இருக்கிறது' என்று ஒரு குழந்தை நம்புமானால், அவளுக்குரிய சொத்தை நாம் அவளிடம் ஒப்படைக்கவில்லை என்றே பொருள். மொழி தெரியாத பிள்ளை, 'நீ வெளியிலிருந்து வந்தவன்' என்று யாரேனும் சொன்னால் விடையின்றி நிற்கும். மொழி தெரிந்த பிள்ளையோ, 'என் முன்னோர் ஏற்றி வந்ததற்கு உன் முன்னோரும் என் முன்னோரும் சேர்ந்து வைத்த பெயர் இது' என்று சிரித்த முகத்தோடு சொல்லும்.

எனவே பெற்றோர்களே! அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் அதே அக்கறையோடு பிள்ளைகளுக்குத் தமிழின் பழஞ்சொற்களையும் கற்பியுங்கள். விடுமுறை நாளில் ஒருமுறை அவர்களைக் கொற்கைக்கும் பழையகாயலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கப்பல், மீன், காற்று, வண்டி ஆகியவை பற்றி அவர்கள் இளமையில் வழங்கிய சொற்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஆக்கிய வல்ல இறைவன், அந்த அத்தாட்சியைப் பேணும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.